வலது கையில் போட்ட ஊசி

எங்கள் சமையல் கூட்டத்தில் என் இடம் பாயச அடுப்பு. கல்யாண வீட்டில் பாயசம் கிண்டுகிறவன் அடுப்பை விட்டு நகர முடியாது. பந்திக்குள் போக வேண்டாம். இலை இலையாகக் குனிந்து, "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்று முகம் தெரியாதவர்களிடம் கேட்க வேண்டாம். அதனாலேயே அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் என்னை முன்னால் தள்ளினால் பேச்சு வராது. உருளிக்கு முன்னால், வெல்லம் இளகுவதைப் பார்த்துக்கொண்டு, வேர்க்க வேர்க்க நிற்கச் சொன்னால் நாள் முழுக்க நிற்பேன்.

திருவனந்தபுரத்தில் ஆரியசாலைப் பக்கத்துத் தமிழ் வியாபாரிகள் வீட்டு விசேஷம் என்றால் பெரும்பாலும் எங்கள் கூட்டம்தான். எல்லோரும் நாகர்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். கூட்டத்துக்குத் தலைவர் எங்களைவிட மூத்தவர். அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். சாம்பாருக்குப் புளி கரைப்பதிலிருந்து கடைசிப் பந்தி இலை எடுப்பதுவரை அவர் சொல்வதுதான். என் மனைவியின் தம்பி காய் வெட்டுவான். பிறகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பந்தியில் விளம்புவான். பரிமாறுவதை நாங்கள் விளம்புவது என்றுதான் சொல்வோம். எனக்கு இல்லாத வாயெல்லாம் சேர்த்து அவனுக்கு இருந்தது.

தொண்ணூறுகளில் மண்டபங்களில் சமையல்காரர்களிடம் ஹெல்த் கார்டு கேட்க ஆரம்பித்தார்கள். டைபாய்டு ஊசி போட்டுக்கொண்டு டாக்டரிடம் கையெழுத்து வாங்கிய அட்டை அது. முதல் ஊசி போட்டு மூன்று வருடம் ஆனால் பூஸ்டர் போட வேண்டும். இல்லையென்றால் அட்டை செல்லாது. எங்கள் அட்டைகள் எல்லாம் ஒன்றாகச் செல்லாமல் போன நேரத்தில்தான் மிளகாய் மொத்த வியாபாரி ஒருவரின் வீட்டுக் கல்யாணம் வந்தது. முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை. புது அட்டை இல்லாத யாரையும் சமையல்கட்டுக்குள் விட மாட்டேன் என்று மண்டபத்து மேனேஜர் சொல்லிவிட்டார். சுகாதார நிலையத்திலிருந்து ஊசி போடும் முகாம் அதற்கு முந்தின நாள், சனிக்கிழமைதான் இருந்தது. வேறு வழியில்லை.

அந்த முகாமில் ஊசி போடப்போவது என் மகள்.

நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அவள் மலையாளத்தில் படித்து, நர்ஸ் படிப்பை இங்கிலீஷில் படித்தாள். அவள் புத்தகம் ஒன்றின் அட்டையில் இதயத்தின் படம் இருக்கும். உள்ளே ஒரு வரிகூட எனக்கு விளங்காது. ஆனாலும் தினமும் அதன்மேல் படியும் தூசியைத் துண்டால் தட்டி வைப்பேன். படிப்பு முடிந்து சுகாதார நிலையத்தில் தற்காலிக வேலை கிடைத்திருந்தது. நன்றாகச் செய்தால் தொடர்ந்து வைத்துக்கொள்வார்கள். படிக்கிற காலத்தில் அவள் எத்தனையோ ஊசி போட்டிருப்பாள். பக்கத்தில் நின்று திருத்துவதற்கு யாரும் இல்லாமல் போடுவது அந்தச் சனிக்கிழமைதான் முதல்.

அன்று காலையில் அவள் தோசையைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாளே தவிர சாப்பிடவில்லை. கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அப்பா, வரிசைல நீங்க மொதல்ல நில்லுங்க."

"நானா?"

"உங்க கைன்னா எனக்குப் பேடி இல்ல. ஒண்ணு ஒழுங்காப் போட்டுட்டா, பின்ன சாரமில்ல."

பேடி என்றால் பயம், சாரமில்ல என்றால் பரவாயில்லை. பயம் வந்தால் அவளுக்கு மலையாளம் வந்துவிடும். எங்கேயும் முதலில் நின்று பழக்கமில்லாத நான் தலையை ஆட்டிவிட்டேன்.

முகாம் ஆரியசாலையில், வியாபாரிகள் கூடும் ஒரு கட்டடத்தின் மாடியில் நடந்தது. படி முழுக்க ஆட்கள். ஓட்டல்காரர்கள், பலகாரக் கடைக்காரர்கள், எங்களைப் போன்ற கல்யாணச் சமையல்காரர்கள். மகள் சேலைக்கு மேல் வெள்ளைக் கோட்டுப் போட்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பஞ்சு, ஸ்பிரிட், மருந்து வைத்த ஐஸ் பெட்டி. கொஞ்சம் தள்ளி ஒரு டாக்டரம்மா அட்டைகளில் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தார். என் மைத்துனன் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தான்.

"மருமவளே, மாமன் ஒனக்குக் கம்மல் எடுத்துத் தந்தது ஞாபகம் இருக்கா? பாத்துப் போடணும் கேட்டியா."

"கம்மலுக்குக் காது குத்தும்போ என்னைப் பிடிச்சு வச்சது நீங்கதானே மாமா? எல்லாம் ஞாபகம் இருக்கு" என்றாள் அவள். வரிசை சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. கை விரல்களைக் கோட்டில் துடைத்துக்கொண்டாள்.

நான் போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"இடது கையக் காட்டுங்கப்பா."

நான் வலது கைச் சட்டையை மேலே சுருட்டினேன்.

எங்கள் வேலையில் இடது கை எப்போதும் பின்னால் நிற்கிற கை. வாளியைத் தூக்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். உப்பைக்கூட இடது கையால் எடுத்து இலையில் வைக்க மாட்டோம். யாரிடமும் எதையும் இடது கையால் கொடுக்கவோ வாங்கவோ மாட்டோம். என் மகள் வேலைக்குப் போய்த் தன் கையால் முதன்முதலில் தருவது இது. அதை இடது கையில் வாங்க எனக்கு மனம் வரவில்லை.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அப்பா, நாளைக்கு வேலை இருக்குல்லா. இடது கை மதி, அது போதும்."

"வலதுலயே போடு மக்கா."

அவள் டாக்டரம்மா இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தாள். வரிசையைப் பார்த்தாள். அப்பாவோடு வாதாடுகிற நேரம் அது இல்லை. பஞ்சால் துடைத்தாள். குளிர்ந்தது. அதற்குப் பிறகு எறும்பு கடித்த அளவுகூட எனக்குத் தெரியவில்லை. "முடிஞ்சா?" என்று கேட்டேன். "எப்பவோ" என்றாள். அவள் முகத்தில் காலையிலிருந்து இருந்த இறுக்கம் போயிருந்தது.

என் பின்னால் அண்ணாச்சி வந்து உட்கார்ந்தார். அவள் இடது கை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவரும் வலது கையை நீட்டிவிட்டார்.

"ஒங்கப்பனுக்கு வலதுன்னா எனக்கும் வலதுதான். சோறு போடுத கைல்லா மக்ளே. அதுக்குத்தான மருந்து."

அவ்வளவுதான். எங்கள் கூட்டத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் வலது கைச் சட்டையைச் சுருட்டிக்கொண்டார்கள். என் மைத்துனன் மட்டும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினான். "ஒண்ணு போதும் மாமா" என்றாள் அவள்.

ஒவ்வொருவரிடமும் அவள் மறக்காமல் சொன்னாள். "வலி இருக்கும். காய்ச்சலும் வரலாம். தேய்க்கக்கூடாது, சூடு வைக்கக்கூடாது. கையச் சும்மா மடக்கி வைக்காம அசைச்சுக்கிட்டே இருங்க." எல்லோரும் "சரி மக்ளே, சரி மக்ளே" என்றார்கள். அட்டையில் கையெழுத்து வாங்குவதில்தான் அவர்கள் கவனம் இருந்தது.

சாயங்காலம் மண்டபத்தில் காய் வெட்ட உட்கார்ந்தபோது ஆரம்பித்தது. முதலில் மைத்துனன் அரிவாள்மணையை விட்டு எழுந்தான். "அத்தான், கை தூக்க முடியல. கல்லக் கெட்டித் தொங்க விட்டாப்ல இருக்கு." பிறகு தேங்காய் துருவுகிறவர் துருவலை நிறுத்திவிட்டுத் தோளைப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் ஆளாளுக்கு வலது கையைத் தாங்கிக்கொண்டிருந்தார்கள்.

சமையல்காரர்கள் கையில் எண்ணெய்க்குப் பஞ்சமா? தேங்காயெண்ணெயைக் காய்ச்சி ஊசி போட்ட இடத்தில் தேய்த்தார்கள். அண்ணாச்சி கல்லுப்பை இரும்புச்சட்டியில் வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டார். மகள் எதையெல்லாம் செய்யக்கூடாது என்று சொன்னாளோ அதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தார்கள். வீக்கம் ஏறிவிட்டது. விளம்புகிறவர்களில் வயதானவர் ஒருவர் காய்ச்சலில் நடுங்கி, அரிசிச் சாக்குகளுக்குப் பக்கத்தில் சுருண்டு படுத்தார்.

"தேய்க்கக் கூடாதுன்னு சொன்னா" என்று நான் மெதுவாகச் சொன்னேன். எனக்கே சரியாகக் கேட்டிருக்காது.

அண்ணாச்சி உப்பு மூட்டையைக் கீழே போட்டார்.

"எலேய், மூணு வருசத்துக்கு முந்தி இதே ஊசிதான போட்டோம்? ஒருத்தனாவது படுத்தானா? அது போடத் தெரிஞ்சவ போட்டது. ஒம் மவ எலும்புல எறக்கிட்டா. நாளைக்குப் பந்தியில ஒரு கொறை வந்துதுன்னு வையி, நான் மொதலாளிகிட்ட மறைக்க மாட்டேன். ஹெல்த் சென்டருக்கும் நேராப் போயிச் சொல்லுவேன், சின்னப் பிள்ளைய உக்கார வச்சு எங்க கையக் கெடுத்துட்டீங்கன்னு."

மைத்துனன்கூட வாயை மூடிக்கொண்டான். நான் கீழே கிடந்த உப்பு மூட்டையை எடுத்து ஓரமாக வைத்தேன். தற்காலிக வேலையில் இருக்கும் ஒரு பெண்ணைப் பற்றி இப்படி ஒரு புகார் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். விசாரிக்கக்கூட மாட்டார்கள். அடுத்த மாதம் வர வேண்டாம் என்பார்கள். பஞ்சால் ஒத்தியதுபோல மென்மையாக ஊசி போட்டவளுக்கு, போடத் தெரியாதவள் என்று பெயர் நின்றுவிடும்.

கொஞ்ச நேரம் வீட்டுக்குப் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கும் உடம்பு கொதித்தது. கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. வாசலில் நின்று, வலி தெரியாதபடி முகத்தைச் சரிசெய்துகொண்டுதான் உள்ளே நுழைந்தேன்.

மகள் என்னைப் பார்த்ததும் நெற்றியில் கை வைத்தாள். "காய்ச்சல் இருக்கு. மத்தவங்களுக்கு?"

"எல்லாரும் நல்லா இருக்காங்க."

"கை வலி?"

"ஒண்ணும் இல்ல."

அவள் ஒரு மாத்திரையும் செம்பு நிறையத் தண்ணீரும் தந்தாள். துணியை நனைத்துப் பிழிந்து கையில் சுற்றினாள். அவள் அம்மா உப்பு ஒத்தடம் கொடுக்கட்டுமா என்று அடுக்களையிலிருந்து கேட்டாள். "அம்மா, உப்பக் கொழம்புல போடு" என்றாள் மகள். பிறகு என்னிடம் சொன்னாள்: "உடம்பு மருந்தப் படிச்சிட்டிருக்குப்பா. அதனாலதான் சூடு. காலைல இருக்காது. கை மட்டும் பிடிச்சிருக்கும். பயந்து சும்மா வச்சீங்கன்னா மரக்கட்டையாயிரும். வேலை செய்யச் செய்ய விடும்."

உடம்பு படிக்கிறது என்று அவள் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்ற இந்த உடம்புக்கு அவள் ஏதோ சொல்லிக்கொடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அண்ணாச்சி சொன்னதை அவளிடம் நான் சொல்லவில்லை.

அவள் சொன்னதுபோலவே காலையில் காய்ச்சல் இல்லை. விடிந்ததும் மண்டபத்துக்குப் போய் உருளியை ஏற்றினேன். அன்றைக்குப் பாயசம் அடைப் பிரதமன். அரிசி அடையை வெல்லப்பாகில் வரட்டி, தேங்காய்ப் பாலை முறை முறையாக ஊற்றிக் கிண்ட வேண்டும். வரட்டும்போது கை நின்றால் அடி பிடித்துவிடும். துடுப்பு என் உயரத்துக்கு இருக்கும்.

முதல் சுற்றில் கண்ணில் நீர் வந்தது. புகை என்று யாராவது நினைத்துக்கொள்ளட்டும் என்று முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பினேன். தோளைத் தூக்காமல் இடுப்பைத் திருப்பித் திருப்பிக் கிண்டினேன். அடை பாகை இழுக்க ஆரம்பித்தது. பாகு இறுகும் நேரம் துடுப்பு கனக்கும். அந்தக் கனம் கையை இழுத்து இழுத்து விட்டது. இரண்டாம் பால் ஊற்றும் நேரத்தில் பார்க்கிறேன், கை தோளுக்கு மேல் போகிறது. வலி இருக்கத்தான் செய்தது. ஆனால் கை என் சொல்லைக் கேட்டது.

மைத்துனன் துண்டைக் கழுத்தில் கட்டி அதில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தான். கை முறிந்தவன்போல ஒரு நடை.

"வா, இதப் பிடி" என்றேன்.

"அத்தான், நான் நோயாளியாக்கும்."

"ஒம் மருமவ என்ன சொன்னா? கைய அசைக்கணும்னு சொன்னாளா இல்லியா? துண்ட அவுத்துட்டு வந்து பிடி."

நான் அப்படிச் சத்தமாக ஒரு வார்த்தை சொல்லி அவன் கேட்டதில்லை. வாயைத் திறந்தபடியே துண்டை அவிழ்த்தான். துடுப்பைப் பிடித்து நான்கு சுற்றுச் சுற்றுவதற்குள் அவன் போட்ட சத்தத்தில், சமையல் நடக்கும் ஆக்குப்புரையில் இருந்தவர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். "அம்மோ... அக்கா பெத்த மவளே... மாமன் சாவுகேன்..." பிறகு சத்தம் குறைந்தது. பிறகு கையைச் சுழற்றிப் பார்த்தான். "சும்மா சொல்லப்படாது, இப்பம் கொஞ்சம் எளக்கம் உண்டு" என்றான்.

அதன்பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். தேங்காய் துருவுகிறவர், அப்பளம் பொரிக்கிறவர், தண்ணீர் சுமக்கிறவர். என் உருளியில் வேறு ஆளின் கைபட நான் விடுவதில்லை. அன்று எல்லோரும் கிண்டினார்கள். அண்ணாச்சி சாம்பார் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்று நினைத்த நேரத்தில் அவரும் கரண்டியை வைத்துவிட்டு வலது கையை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார்.

முதல் பந்திக்கு இலை போட்டார்கள். முதல்நாள் காய்ச்சலில் படுத்தவருக்குக் காய்ச்சல் விட்டிருந்தாலும் நிற்கிற தெம்பில்லை. பாயசம் விளம்ப வேண்டியவர் அவர்தான். அண்ணாச்சி பந்தியைப் பார்த்தார், ஆட்களை எண்ணினார், என்னைப் பார்த்தார்.

"ஆளு கொறையுதுடே. இதத்தான நான் நேத்தே சொன்னேன்?"

"நான் விளம்புகேன் அண்ணாச்சி."

அவர் புருவம் உயர்ந்தது. "நீயா?"

"நான்தான்."

பித்தளை வாளியில் பாயசத்தை ஊற்றிக்கொண்டேன். இடது கையில் வாளி, வலது கையில் கரண்டி. ஆக்குப்புரைக் கதவைத் தாண்டியபோது நாதஸ்வரச் சத்தமும் மல்லிகை வாசமும் பட்டுப்புடவைகளும் ஒன்றாக மேலே விழுந்தன. பந்தி கடைசிவரை நீண்டு கிடந்தது. கரண்டியை உயர்த்திச் சாய்க்கும் இடத்தில்தான் கை பிடித்தது. அதனால் வாளியை இலைக்கு நன்றாகத் தாழ்த்தி, கரண்டி அதிகம் ஏறாதபடி பார்த்துக்கொண்டேன். ஒரு சொட்டு வெளியே விழவில்லை.

பாதிப் பந்தியில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் என் மணிக்கட்டுக்கு முன்னால் கையைக் காட்டி நிறுத்தினார். தங்கப் பல் வைத்தவர். நான்கு பக்கத்துக்கும் கேட்கிற குரல்.

"கொஞ்சம் நில்லும். வந்ததிலேருந்து பாக்கேன். சாம்பார்க்காரன் கையத் தாங்குகான். அவியல்காரன் கையத் தாங்குகான். இப்பம் நீரும் தாங்குகீரு. என்னவே, ராத்திரி கூட்டத்தோட அடிபிடியா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணாச்சி அந்தப் பக்கம் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்துவிட்டது. ரசக் கரண்டியை வாளியில் போட்டுவிட்டு எங்களை நோக்கி வருவதைக் கண்டேன். அவர் வந்து வாயைத் திறந்தால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

அதற்கு முன்னால் நான் வாயைத் திறந்தேன்.

"ஊசி போட்டிருக்கு. டைபாய்டுக்குப் பூஸ்டர். சமைக்கிறவங்க, விளம்புகவங்க எல்லாருக்கும் போட்டாச்சு. எம் மவதான் போட்டா. நர்ஸு. கை வலிக்கும்னு அவ முந்தியே சொன்னா. நாங்கதான் வேலை செய்யுத கையிலயே போடச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கிட்டோம்."

வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக நான் அந்நியர் யாரிடமும் பேசியதில்லை. பேசி முடித்ததும் காது இரண்டும் சூடாகிவிட்டன. பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும். அட்டை இருக்கு."

அவர் பக்கத்து இலைக்காரரிடம் திரும்பினார். "கேட்டீரா? நம்ம ஊருல கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுட்டு எத்தனை பேரு காய்ச்சல்ல படுத்திருக்கான்! இங்க விளம்புகவன் கையிலயே மருந்து இருக்கு." பிறகு என் வாளியைத் தட்டினார். "அப்பம் தைரியமா ஊத்தும். இன்னொரு கரண்டி. ஒம்ம மவ பேரச் சொல்லி ஊத்தும்."

நான் ஊற்றினேன். நிமிர்ந்தபோது அண்ணாச்சி எனக்குப் பக்கத்தில் நின்றார். ரச வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார். அன்று எல்லாப் பந்திகளுக்கும் நானே பாயசம் விளம்பினேன்.

பந்தியெல்லாம் முடிந்து, சமையல்காரர்கள் உட்காரும் கடைசிப் பந்திக்கு இலை போடும் நேரத்தில் மகள் வந்தாள். யாருக்காவது காய்ச்சல் விடாமல் இருக்கிறதா என்று பார்க்க மாத்திரையோடு வந்திருந்தாள். வெள்ளைக் கோட்டு இல்லாமல், சாதாரணச் சேலையில் இருந்தாள். ஆக்குப்புரை வாசலில் தயங்கி நின்றாள். எண்ணெய் தேய்த்து வீங்கிய கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"மாமா, தேய்ச்சீங்களா?"

"நானா? சேச்சே. காத்துல எண்ணெ பறந்து வந்து ஒட்டிக்கிட்டு மருமவளே."

"அண்ணாச்சி மாமா, நீங்க?"

அண்ணாச்சி கையைத் துண்டால் மூடிக்கொண்டார். கூட்டம் மொத்தமும் சிரித்ததும் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் இலையின் முன்னால் உட்காரவில்லை. யோசித்துக்கொண்டே நின்றவர், என்னைப் பார்த்துச் சொன்னார்:

"எலேய், போன தடவ போட்டாளே அந்த நர்ஸம்மா, அவ நம்மகிட்ட கை எதுன்னு கேட்டாளா? கேக்கவே இல்ல. இடது கையப் பிடிச்சு இழுத்து ஒரு குத்து. அப்பமும் வலிச்சுதுடே. இப்பம்தான் ஞாபகம் வருகு. இடது கைக்கு நமக்கு என்ன சோலி? வாளியத் தூக்கிட்டு நின்னுட்டோம், தெரியல."

அவர் அதற்குமேல் மன்னிப்பு, கின்னிப்பு எதுவும் கேட்கவில்லை. எனக்கும் அது வேண்டியிருக்கவில்லை. வரிசையின் முதல் இலையைத் துடைத்துக் காட்டி, "மக்ளே, நீ இங்க உக்காரு" என்றார்.

"நான் வீட்டுல சாப்பிட்டேன் மாமா."

"சாப்பிட்டா என்ன? நான் விளம்பும்போ வேண்டாம்னு சொல்லப்படாது."

கடைசிப் பந்தியில் யாரும் யாருக்கும் விளம்ப மாட்டார்கள். பாத்திரத்தை நடுவில் வைத்து அவரவர் எடுத்துக்கொள்வோம். அன்று அண்ணாச்சி தன் இலையில் கை வைக்காமல், வலி பிடித்த வலது கையால் என் மகளுக்கு உப்பிலிருந்து பருப்புவரை ஒவ்வொன்றாக வைத்தார். நெய் விடும்போது கை பிடித்து முகம் கோணியது. "சாரமில்ல, சாரமில்ல" என்று அவளுடைய வார்த்தையை அவளுக்கே சொன்னார். நான் பாயசத்தோடு பின்னால் நின்றேன். என் முறை வந்தபோது குனிந்து அவள் இலையில் ஊற்றினேன்.

அவள் பாயசத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள்.

"வலிக்காப்பா?"

"இல்ல."

அவள் இடது கைக் கட்டைவிரலால் ஊசி போட்ட இடத்தை லேசாகத் தொட்டாள். நான் துள்ளிவிட்டேன். கரண்டியிலிருந்து ஒரு சொட்டு அவள் சேலையில் விழுந்தது. நாள் முழுக்க ஒரு சொட்டுச் சிந்தாதவன்.

"பொய்" என்றாள். "அடுத்த தடவ இடது கை. சொல்லிட்டேன்."

"பாப்போம்" என்றேன்.

சுகாதார நிலையத்துக்கு எந்தப் புகாரும் போகவில்லை. தற்காலிக வேலை தொடர்ந்தது. பிறகு நிரந்தரமாகி, பொன்முடி போகிற வழியில் விதுராவில் அவளைப் போட்டார்கள். எனக்கு அடுத்த பூஸ்டர் போடுகிற நேரம் வந்தபோது, ஆரியசாலையில் வழக்கம்போல முகாம் போட்டிருந்தார்கள். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். நான் கிழக்கே போகும் பஸ்ஸில் ஏறினேன்.

விதுரா சுகாதார நிலையத்தில் தோட்டத் தொழிலாளர்களும் கைக்குழந்தைக்காரிகளும் வரிசையில் நின்றார்கள். "சிஸ்டரே, சிஸ்டரே" என்று ஆளாளுக்கு அவளைக் கூப்பிட்டார்கள். யார் கையைப் பிடித்தாலும் அவள் முதலில் அந்தக் கையின் வேலையைக் கேட்டாள். "கொழுந்து கிள்ளுன்ன கை ஏதா? எந்நா மற்றேக் கை தா" என்று ஒரு தேயிலைத் தோட்டத்துக்காரியிடம் சொல்வது என் காதில் விழுந்தது. கொழுந்து பறிக்கிற கையை விட்டுவிட்டு மற்றக் கையைக் கேட்கிறாள். அவள் வகுப்பில் அதைச் சொல்லித் தந்திருப்பார்களோ என்னவோ. எங்கள் கூட்டத்தின் வலது கைகளில் படித்ததாகத்தான் நான் வைத்துக்கொண்டேன்.

நான் வரிசையில் கடைசியாக நின்றேன். என் முறை வந்ததும் அவள் நிமிர்ந்து பார்த்து, "அப்பாவா! ஒரு ஊசிக்கா இவ்வளவு தூரம்?" என்று எழுந்தே விட்டாள். அங்கே நின்றவர்கள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். முன்பென்றால் தரையைப் பார்த்திருப்பேன். அன்று எல்லோரையும் பார்த்துக்கொண்டே போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"கேக்கவே மாட்டேன், இடது கைதான்" என்று அவள் பஞ்சை எடுத்தாள். பிறகு என் சட்டையைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே வலது கையைத் தோள்வரை சுருட்டி வைத்திருந்தேன்.